வந்து சேர்ந்தது, சுபம்

டங்ங்ங்...

பயந்துட்டீங்களா? பயப்படாதீங்க சார், பக்கத்தில் கோவில் எதுவும் இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க, காலடியில் ஒயர் கிடக்கும். லைட்டைப் போடுகிறேன். இந்த ட்யூப்லைட் கொஞ்சம் யோசித்துத்தான் எரியும். யோசிக்கிறது... யோசிக்கிறது... ம், எரிந்துவிட்டது. வாங்க, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு நாலாவது கால் பேருக்குத்தான். இதில் உட்காருங்க.

நீங்க கேட்ட மணிச் சத்தம் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்தது. எங்கள் சவுண்டு எஃபெக்ட் பெட்டியில் இருக்கிற மணி. சீரியலில் மாமியார் சாமி கும்பிடும்போதெல்லாம் அடிக்குமே, அதே மணி. நான்தான் எடுத்து இதில் வைத்தேன். மணி அடித்தால் மும்பையிலிருந்து இன்றைய எபிசோடு வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டதும் மனசுக்கு நிறைவாக இல்லை?

சேனல் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினீயர் வருவார், மெஷினைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார் என்று முதலாளி சொல்லியிருந்தார். இவ்வளவு சின்ன வயசுக்காரர் வருவீங்க என்று நினைக்கவில்லை. எனக்கு விஷயம் தெரியும் சார், நீங்க தயங்கவே வேண்டாம். மும்பையிலிருந்து ஃபைல் நேராக டப்பிங் ரூமுக்கே போகிற மாதிரி செய்துவிடலாமா, நடுவில் ராத்திரிக்கு ஒரு ஆள் தேவையா, இல்லையா. அதுதானே நீங்க எழுத வேண்டியது? 'தேவையில்லை' என்று எழுதினால் அடுத்த வாரம் இந்த ரூமில் நான் இருக்க மாட்டேன். அவ்வளவுதான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. டீ சாப்பிடுறீங்களா? கீழே கடையில் சொன்னால் கொண்டுவருவான்.

வேண்டாமா. சரி.

என் பேர் தெய்வசிகாமணி. இங்கே எல்லோருக்கும் சிகாமணி. தெய்வத்தை ரிசப்ஷனிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள். இந்தச் சாலிகிராமத்தில் டேப் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன் நான். அப்புறம் டேப் போய் டிஸ்க் வந்தது, டிஸ்க் தூக்கினேன். டிஸ்க்கும் போய், மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கிற சர்வரில் போட்டுவிடுகிறோம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தூக்குவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது சார். அப்போதுதான் நானே கற்றுக்கொண்டேன். கிளாஸ் எதற்கும் போகவில்லை. யார் யாரோ எழுதிப் போட்டதைப் பார்த்து, புரிந்ததை எழுதி, புரியாததை அப்படியே காப்பி அடித்து, ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். இங்கே ஸ்கிரிப்ட் என்றால் வசனம் எழுதுகிற வாசகம் சாரின் பேப்பரைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கிற கட்டளை. உங்களுக்குத் தெரியாததா.

அது செய்வது இரண்டே வேலை. முதல் வேலை, மும்பை சர்வரிலிருந்து எபிசோடை இழுத்து இந்த ரூம் கம்ப்யூட்டரில் போடுவது. இரண்டாவது வேலை, அதை மாடியில் டப்பிங் ரூம் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்து, 'இன்று' என்று பேர் வைப்பது. எந்த நாளானாலும் அந்த ஃபைலுக்கு 'இன்று' என்றுதான் பேர். நேற்றைய 'இன்று' மேல் இன்றைய 'இன்று' உட்காரும். காலையில் வருகிறவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்க, 'இன்று' என்பதைத் தட்டினால் படம் ஓடும், பேச வேண்டியதுதான். வேலை முடிந்ததும் திரையில் பச்சை எழுத்தில் 'வந்து சேர்ந்தது, சுபம்' என்று வரும். மணி அடிக்கும்.

சிவப்பு எழுத்தா? எதற்குச் சிவப்பு எழுத்து? ஆரம்பத்தில் இருந்தது சார். ஒரு நாள் முதலாளி கோதண்டபாணி இந்தப் பக்கம் வந்தவர் திரை முழுக்கச் சிவப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டார். இங்கிலீஷில் என்னவோ 'ஃபெயில்ட், ஃபெயில்ட்' என்று. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்தக் கால் இல்லாத நாற்காலி. கீழே விழுந்தார். எழுந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"சிகாமணி, என் கண்ணுல சிவப்பு படக்கூடாதுய்யா. பிரஷருக்கு ஆகாது."

நியாயம்தானே? அன்றைக்கே ஒரு வரி சேர்த்தேன். தப்பு ஏதாவது நடந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போ என்று. அதிலிருந்து இந்த ஸ்கிரிப்ட் யார் மனசையும் நோகடித்தது கிடையாது. எத்தனை மழை, எத்தனை கரண்ட் கட், எத்தனை தடவை எலி ஒயரைக் கடித்திருக்கும்! ஒரு ராத்திரிகூட மணி அடிக்காமல் இருந்ததில்லை. எழுதிக்கொள்ளுங்க சார், இதெல்லாம் ரிப்போர்ட்டில் வரட்டும்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். செத்துப்போன மாமனார் பேசின விஷயம்.

'ஏழாம் மருமகள்' பார்ப்பீங்களா? பார்க்க மாட்டீங்க. உங்கள் வீட்டில் பார்ப்பார்கள், கேட்டுப்பாருங்க. ஹிந்தியில் ஓடுகிற சீரியல், நாங்கள்தான் தமிழ்ப் பேச்சு கொடுக்கிறோம். ஏழாவது மருமகளுக்குப் பேசுவது கோமளவல்லி மேடம். அரக்கோணத்திலிருந்து காலையில் முதல் ரயிலைப் பிடித்து வருவார். வீட்டு ஆம்பளைகள் எல்லோருக்கும் ஜெபராஜ் ஒருத்தரே. அண்ணன் தம்பி சண்டை வந்தால் அவரே அவரைத் திட்டி, அவரே அவரிடம் மன்னிப்புக் கேட்பார். வசனம் எழுதுவது வாசகம் சார். அவருக்கு மும்பையிலிருந்து பேப்பர் தனியாக வந்துவிடும், அதைப் பார்த்து எழுதுவார். படம் பார்க்க மாட்டார். "படத்தைப் பார்த்தா வசனம் கெட்டுப்போகும்யா" என்பார். ரெக்கார்டிங்கில் உட்காருவது முதலாளி. அவரும் படத்தைப் பார்க்க மாட்டார், சத்தத்துக்கு ஏறி இறங்குமே அந்த முள், அதைத்தான் பார்ப்பார். பேச்சை மட்டும் பதிவு பண்ணி உங்கள் சேனலுக்கு அனுப்புவோம். நீங்கள் அதை உங்களிடம் இருக்கிற படத்தோடு சேர்த்து ஒளிபரப்புவீங்க. சரியா? இதுதான் ஏற்பாடு.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். மைக்குக்கு மாலை. ஏசிக்குக்கூட ஒரு பொட்டு. மாடிக் கம்ப்யூட்டருக்கு இரண்டு திரை, சுவரில் பெரியது, சாமி படத்துக்குப் பக்கத்தில் சின்னது. அன்றைய எபிசோடில் ஏழாம் மருமகளுக்குத் தாலி கட்டுகிற சீன். முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. சின்னத் திரையில் அந்தச் சீனை ஓடவிட்டு, தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்தினார். திரைக்கு ஒரு மாலை போட்டார்.

"மங்களகரமா இருக்கு. பௌர்ணமி வரைக்கும் இதை யாரும் மூடக்கூடாது. வேலையெல்லாம் பெரிய திரையில பாத்துக்குங்க."

யாருக்கு ஆட்சேபணை? நானே கற்பூரம் காட்டினேன். மாப்பிள்ளை கையில் தாலி, பொண்ணு தலை குனிந்திருக்கிறாள், அட்சதை அந்தரத்தில் நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். என் கல்யாண வீடியோவே தொலைந்துபோய்விட்டது, தெரியுமா? சரி, அது எதற்கு இப்போது.

விஜயதசமி அன்று இங்கே மணி அடித்தது. சுபம். மறுநாள் மணி அடித்தது. சுபம். அதற்கு மறுநாளும். முன்னைவிட இன்னும் சீக்கிரமாகவே அடித்தது! மாடிக்குக் காப்பி எடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும் வழக்கமாக. பூஜைக்கு அப்புறம் கண் மூடித் திறப்பதற்குள் டங். சந்தனம் வைத்த ராசி என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மதியம். நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மதியம்தான் நடுராத்திரி. பகலில் தூங்கினால் கனவிலும் வெயில் அடிக்கும் சார், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதலாளி போன் பண்ணுகிறார்.

"சிகாமணி, மாமனார் பேசிட்டாருய்யா."

"எந்த மாமனார் சார்?"

"செத்துப்போனவரு. போட்டோவுல இருக்கிறவரு."

முந்தின நாள் ராத்திரி ஒளிபரப்பானதில், கூடத்துச் சுவரில் மாலை போட்ட மாமனார் போட்டோவை மூன்று தடவை கிட்டே கிட்டே காட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஜெபராஜ் குரல் கேட்கிறது. "மருமகளே, லாக்கர் சாவியை எங்க வெச்சே?" என்று. போட்டோ கேட்கிறது சார்! அடுத்த நிமிஷம் உயிரோடு இருக்கிற சின்ன மாமனார் வாயை அசைக்கிறார், சத்தமே இல்லை. அந்த ஒரு துண்டை வெட்டி ஊரெல்லாம் போனில் அனுப்பியிருக்கிறார்கள். தேனியிலிருந்து ஒரு அம்மா சேனலுக்குப் போன் பண்ணி, "கடைசியில அவ சாவியைக் குடுத்தாளா இல்லையா?" என்று கேட்டாராம்.

சிரியுங்க, சிரியுங்க. நாங்கள் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எங்கே தப்பு என்று சொல்லாவிட்டால் சீரியலை ஹைதராபாத்தில் வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மும்பைக்கும் மாடிக்கும் நடுவில் இருப்பது நான் ஒருத்தன்தானே.

உட்கார்ந்தேன். வரி வரியாகப் பார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. ஓட்டினேன். டங். வந்து சேர்ந்தது, சுபம். மறுபடி ஓட்டினேன். டங். ஒருவேளை இன்டர்நெட்டில் கோளாறோ என்று ஒயரைக் கையால் பிடுங்கிவிட்டே ஓட்டிப் பார்த்தேன். அப்பவும் டங்! சுபம்! சொல்லுங்க சார், ஒயரே இல்லாமல் வேலை செய்கிற ஸ்கிரிப்டை நீங்க எங்காவது பார்த்திருக்கீங்களா?

ஏன் தலையில் கை வைத்துக்கொண்டீங்க? ஏசி ஒத்துக்கொள்ளவில்லையா? குறைக்கிறேன்.

ஆக, ஸ்கிரிப்டில் தப்பில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். மும்பைக்காரன் மேல்தான் சந்தேகம் என்றேன். அவன் அனுப்புவதே தப்பு. அவனுக்குப் போன் பண்ணினேன். என் ஹிந்தி இந்த சீரியல்களைக் கேட்டுக் கற்றது, முழுக்க மாமியார் ஹிந்தி. சாதாரணமாக ஒன்று கேட்கவே வராது. "இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டாயே!" என்றுதான் ஆரம்பிக்க முடிந்தது. அவன் பயந்துபோய் ஒவ்வொரு நாளும் என்ன அனுப்பினான் என்று படித்துக் காட்டினான். ஆஸ்பத்திரி எபிசோடு, போலீஸ் ஸ்டேஷன் எபிசோடு, லாக்கர் எபிசோடு, கடைசியாகக் கோர்ட் எபிசோடு. எல்லாம் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறான். இந்த ரூம் கம்ப்யூட்டரில் பார்த்தேன், எல்லாம் வந்து இறங்கியிருக்கின்றன. வாசல்வரை வந்துவிட்டுக் கூப்பிடாமல் நிற்கிற விருந்தாளிகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன.

அப்புறம் மாடிக்குப் போனேன். கோமளா மேடம் நாற்காலியில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூஜைப் பொரி.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"நாலஞ்சு நாளா அந்தப் பொண்ணு ஒரே புடவையில இருக்கா. அதே அரக்குப் பட்டு. சரி, மும்பையில காசு கம்மி போலன்னு விட்டுட்டேன்."

ஜெபராஜ் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியும். பிளாஷ்பேக்குன்னு நெனச்சேன்."

"தினமுமா பிளாஷ்பேக்கு?"

"ஏம்மா, இவங்க சீரியல்ல ஒரு கல்யாணம் ஒரு வாரம் நடக்கும். நான் என்னத்தைக் கண்டேன்?"

புரிகிறதா சார்? விஜயதசமியிலிருந்து எல்லோரும் அந்தக் கல்யாண எபிசோடைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். பேப்பரில் ஆஸ்பத்திரி, படத்தில் அக்னி குண்டம். பேப்பரில் போலீஸ், படத்தில் நாதஸ்வரம். யாருக்கும் சிரமமே இல்லை!

"பொண்ணு குனிஞ்சே இருக்காளாண்ணே, வாயே தெரியல. எவ்ளோ வேணா பேசலாம். ஒரு பக்கம் சண்டையை அப்படியே உள்ள தள்ளிட்டேன்" என்றார் கோமளா மேடம், கொஞ்சம் பெருமையாகவே.

ஜெபராஜ், ஐயர் மந்திரம் சொல்ல வாயைத் திறக்கிற இடத்தில் டாக்டருக்குப் பேசியிருக்கிறார். "ஆபரேஷன் சக்சஸ்" என்று. கச்சிதமாகப் பொருந்தியதாம். இந்தத் தொழிலில் அதுதான் திறமை. எந்த வாய்க்கும் எந்தப் பேச்சையும் பொருத்திவிடுவார்கள். திறமை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் முதல் நாளே 'இது ஒட்டவில்லை' என்று சொல்லியிருப்பார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க மணி அடிச்சிருச்சுன்னு அவ்ளோ சந்தோஷமா சொல்வீங்க. அப்புறம் எப்படிண்ணே சொல்றது?"

நல்ல பொண்ணு. மனசு நோகக்கூடாது என்று நினைக்கிறது. நம்ம ஸ்கிரிப்ட் மாதிரி.

இருங்க, போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து.

ஆங், செண்பகம்... ஆச்சு ஆச்சு, சாப்பிட்டாச்சு... வேலைக்கென்ன, கெட்டியா இருக்கு. ஆபீசர் ஒருத்தர் வந்திருக்காரு, பாராட்டிக்கிட்டு இருக்காரு... சரி... அங்க எல்லாம் எப்படி?... ம்... என்ன இருமுற?... சரி சரி. வெச்சிடுறேன்.

என் வீட்டுக்காரி, போளூரில் இருக்கிறாள். அங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இருமல் தூசியினாலாம். போன மாசமும் தூசிதான் என்றாள், அந்தத் தெருவில் ரோடு போடுகிறார்கள் போல. அந்த டிபன் பாக்ஸை ஏன் பார்க்கிறீங்க? அப்புறம் சாப்பிடுவேன். இங்கே ஒன்று ஆகவில்லை என்று சொன்னால் அவள் அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாள். எதற்கு?

எங்கே விட்டேன்? மாடியில். கோமளா மேடம் பொரிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சின்னத் திரையில் தாலியோடு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார். "இந்தாளு இன்னும் கட்டாமலே நிக்கிறான் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டிவிட்டார். கல்யாணம் மறைந்துபோனது. முதலாளி "ஐயோ!" என்று கத்தினார். பௌர்ணமிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது சார்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. கீழே ஓடி வந்து ஸ்கிரிப்டை ஓட்டினேன். மணி அடிக்கவில்லை! இத்தனை நாள் கண் மூடித் திறப்பதற்குள் அடித்த மணி அடிக்கவே இல்லை. கெடுத்துவிட்டாளே, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத்தான், டங். மாடியில் போய்ப் பார்த்தால் 'இன்று' என்கிற ஃபைலில் கடைசியாக வந்த கோர்ட் எபிசோடு. ஏழாம் மருமகள் பச்சைப் புடவையில் இருக்கிறாள். ஜெபராஜ் கைதட்டினார்.

ஆமாம், நீங்க சொல்வது சரி. 'இன்று' சின்னத் திரையில் திறந்தே இருந்ததால் அதன் மேல் வேறு ஃபைல் உட்கார முடியவில்லை. நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தர் எப்படி உட்காருவார்? காப்பி எடுக்கப் போய், முடியாமல், சத்தம் போடாமல் திரும்பி வந்திருக்கிறது. ஆக, தப்பு யார் மேல்? கல்யாணத்தின் மேல். நான் அதை அப்படியே சேனலில் சொல்லலாம் என்றேன், முதலாளி 'டெக்னிக்கல் ரீசன்' என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். இனிமேல் பூஜைக்குப் படம் எதையும் நிறுத்தி வைப்பதில்லை, வெறும் பொட்டுதான். அதற்கப்புறம் ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் பாருங்க, நீங்க கதவைத் திறக்கும்போதே மணி அடித்தது.

என்ன? எந்த ஃபோல்டர்?

இருக்குமே. நேற்றையது இருக்கிறது. முந்தாநாளையது இருக்கிறது. இன்றையது... கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்க. இல்லையா? மும்பை சர்வரிலும் இல்லையா? இன்னும் அவர்கள் போடவே இல்லையா? பச்சை எழுத்து இருக்கிறதே சார். மணியை நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன்.

...

என்னவோ டைப் அடிக்கிறீங்களே. என்ன எழுதுறீங்க? ரிப்போர்ட் இல்லையே, என் ஸ்கிரிப்டைத்தான் திறந்திருக்கீங்க. அந்த வரியை எடுக்காதீங்க சார், முதலாளிக்காகப் போட்ட வரி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் நிஜமாகவே ஃபைல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வைக்கிறீங்க. மும்பையில் இருக்கிற அளவும் இங்கே இருக்கிற அளவும் ஒன்றா என்று கேட்க வைக்கிறீங்க. ஒன்றாக இருந்தால் மட்டும் மணி. சரி. இல்லாவிட்டால்? என்ன வார்த்தை போடட்டும் என்று என்னைக் கேட்கிறீங்க.

எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வார்த்தையை எழுதியதே இல்லையே.

'தோல்வி' வேண்டாம் சார். ராத்திரி தனியாக இருக்கிற மனுஷன், திரையில் பெரிசாகத் 'தோல்வி' என்று வந்தால் எப்படி இருக்கும்? என்னைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும். 'தாமதம்'? அது ரயில்வே. 'வரவில்லை' என்று வெறுமனே போட்டால் யாரோ கோபித்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. டிவியில் முன்னெல்லாம் படம் நின்றால் ஒன்று போடுவார்களே, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அதைப் போடுங்க. சிவப்பு வேண்டாம். சரி, சிவப்பிலேயே போடுங்க, ஆனால் கொஞ்சம் வெளிறின சிவப்பு.

ஓட்டிப் பார்க்கலாமா? ஓட்டுங்க.

...

தடங்கலுக்கு வருந்துகிறோம்.

மணியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏசிச் சத்தம்தான் கேட்கிறது. இந்த ஏசிக்கு இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்றே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மறுபடி போன். இது கோமளா மேடம். தினமும் இந்நேரத்துக்குக் கேட்பார், வந்தாச்சா என்று. என்ன சொல்வது? இப்போது என்ன சொல்வது சார்? நீங்க அப்படிப் பார்த்தால் எனக்கு... சரி, சரி.

சொல்லும்மா... இல்லம்மா, இன்னும் வரல... ஆமா. வரல... இல்லம்மா, எனக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எபிசோடுதான் வரல... ராத்திரி வந்தாலும் வரலாம், வந்ததும் சொல்றேன்... என்னது?... சரிம்மா, சரி. தூங்கு.

சார், இந்தப் பொண்ணு சந்தோஷப்படுகிறது! "அப்ப நாளைக்கு முதல் ரயில் பிடிக்க வேண்டாமா அண்ணே? பையனை நானே ஸ்கூல்ல விடலாமா?" என்று கேட்கிறது. "நல்லா இருப்பீங்கண்ணே" என்கிறது. நல்ல சேதி எத்தனை சொல்லியிருப்பேன், ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்லை.

கிளம்பிவிட்டீங்களா? ரிப்போர்ட்டு? எழுதியாச்சா? என்னிடமே காட்டுறீங்க. கண்ணாடி எங்கே... இங்கேதான் வைத்தேன்... ம். 'இரவுப் பணிக்கு ஆள் அவசியம் தேவை.'

தேவை. 'தேவை'தானே போட்டிருக்கு? 'இல்லை' எதுவும் பின்னால் ஒட்டிக்கொண்டு இல்லையே?

காரணம் என்று கீழே ஒன்று எழுதியிருக்கீங்களே. எப்போதும் வந்துவிட்டது என்றே சொல்கிற மெஷினுக்கு ஆள் தேவைப்படாது, வரவில்லை என்று சொன்னால்தான் அதைக் கவனிக்க ஒருத்தர் வேண்டும் என்று. இது எனக்குச் சரியாகப் புரியவில்லை தம்பி. அப்படியானால் இத்தனை வருஷம் நான் நன்றாக வேலை செய்ததால்தான் என்னை வேண்டாம் என்று நினைத்தார்களா? சரி, நீங்க படித்தவர், ஏதோ நல்லதுக்குத்தான் எழுதியிருப்பீங்க. மணியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

படி இறங்கும்போது பார்த்துப் போங்க, இரண்டாவது மாடியில் பல்பு இல்லை. எரியும் என்று நினைத்துக் காலை வைத்துவிடாதீங்க. நிஜமாகவே இல்லை.

நான் மும்பைக்கு ஒரு போன் போடுகிறேன். அவன் பாவம், என் ஹிந்தியைக் கேட்டாலே நடுங்குவான். இன்றைக்கு மெதுவாகக் கேட்டுப் பார்க்கிறேன். போட்டுவிட்டேன் என்று அவன் சொல்கிறவரை மாடியில் ஹெட்போன்களைத் துடைத்து வைக்க வேண்டியதுதான். ஜெபராஜ் தலைக்கு வைக்கிற எண்ணெய் பஞ்சில் ஊறிப்போய் நிற்கிறது. நீங்க வருவதற்கு முன்னால் மூன்று துடைத்திருந்தேன், நாலாவதில் பாதி இருக்கிறது.